ஏரிக்கரைப் பேராயருக்கான ஜெபம்

…எழுபதாவது நில்ஸ், எழுபத்தொன்றாவது ஆர்விட், அதோடு பேராயர் பட்டியல் நின்றுவிட்டது, பஸ்ஸும் ஆலப்பாக்கத்தில் நின்றுவிட்டது, முன்னால் ஏதோ லாரி மறித்துக்கொண்டு கிடக்கிறதாம், கடலூரில் ஏறி முக்கால் மணி நேரம், இந்தக் கணக்கில் சிதம்பரம் போய்ச்சேர ஐந்து ஆகிவிடும், ஆகட்டுமே, பெரிய நல்ல சேதியா கொண்டுபோகிறாள் பிரிசில்லா, வருகிற மே மாதத்தோடு விடுதியை மூடுகிறோம் பிள்ளைகளே, அவரவர் பெட்டியைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தானே போகிறாள், அதற்கு நேரத்தோடு போனால் என்ன, போகாமலே இருந்தால்தான் என்ன… கைப்பைக்குள் ஸ்வீடனிலிருந்து வந்த கடைசிக் கடிதம் இருந்தது. இருபத்தாறு வருஷமாகச் சபை ஆபீசில் தட்டச்சு வேலை. அங்கிருந்து வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் தமிழில் எழுதி வைப்பதும் அவள்தான், இதையும் அவள்தான் எழுதினாள்.

விடுதிக்குப் பணம் அனுப்புகிற அந்த ஸ்வீடன் பேராயத்துக்கு ஏரிக்கரைப் பேராயம் என்று சபையில் பெயர். நிஜப்பெயர் யாருக்கும் வாயில் நுழையாது, ஏரிக்கரையில் பெரிய கோயில் இருக்கிற படம் இங்கே கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் மாட்டியிருக்கிறது, அதனால் ஏரிக்கரை. எண்ணூறு வருஷமாக அங்கே ஒருவர் பின் ஒருவராகப் பேராயர்கள், நூற்றாண்டு மலருக்காக அத்தனை பேரையும் இவள்தான் டைப் அடித்தாள். பதவி ஏற்க வரும் வழியில் கொள்ளைநோயில் செத்த ஒருவர், உறைந்த ஏரியில் வண்டியோடு உள்ளே போன ஒருவர், நாற்பத்தொரு வருஷம் நகராமல் உட்கார்ந்திருந்த ஒருவர், போப்பாண்டவரை விட்டுப் பிரிந்த காலத்தில் பாதி வருஷம் இந்தப் பக்கமும் பாதி வருஷம் அந்தப் பக்கமும் இருந்து பார்த்த கெட்டிக்காரர் ஒருவர்… எத்தனை சண்டை, எத்தனை சாவு, ஆனாலும் நாற்காலி காலியாகக் கிடந்ததில்லை. இங்கே ஒருவர் ரிட்டயர் ஆனால் அடுத்தவர் வருவதற்குள் கோர்ட்டு வாசலில் செருப்பு தேய்ந்துவிடும். அவர்களுக்கு எப்படித்தான் அமைகிறதோ என்று அப்போது பொறாமையாகக்கூட இருந்தது. ஞாயிறு ஆராதனையில் அந்தப் பேராயரைப் பெயர் சொல்லி ஜெபிப்பது இங்கே வழக்கம். சனிக்கிழமை இவள் ஜெபச் சீட்டை அடித்துக் கொடுப்பாள், சபைப் போதகர் ஐயர் அதைப் பார்த்து வாசிப்பார், நல்ல சுகமும் நீடிய ஆயுசும் தாரும், சபை ஆமென் சொல்லும்.

பஸ் நகர்ந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் தூக்கத்தில் இவள் தோளில் சாய்ந்தாள், சாயட்டும், யாராவது ஒருத்தராவது இன்று இவளால் நிம்மதியாக இருக்கட்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் அந்த மெயில் வந்தது. ஆர்விட் ஐயா ஓய்வு பெறுகிறார், எழுபத்திரண்டாவது பேராயராகக் கர்ஸ்டின் அம்மையார் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். அம்மையார்! படத்தில் குட்டை முடி, கண்ணாடி, கையில் செங்கோல், ஐம்பது வயசு இருக்கும், இவள் வயசுதான். பிரிசில்லாவுக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும், எண்ணூறு வருஷத்து ஆண்களின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியவளுக்குச் சந்தோஷம் வராதா. பிரிண்ட் எடுத்துக்கொண்டு சபைச் செயலாளர் ராபர்ட் சாரிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், பேப்பரை மடித்து டைரிக்குள் வைத்தார்.

"பொம்பள பேர பீடத்துலேர்ந்து பேராயருன்னு படிச்சா பெரியவங்க சும்மா இருப்பாங்களாம்மா? கமிட்டில வெச்சிப் பேசிக்கலாம். அது வரைக்கும் பழைய பேரே இருக்கட்டும்."

கமிட்டி கூடியது, கூரை ஒழுகலைப் பேசியது, கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பேசியது, இதைப் பேசவில்லை. அந்த அம்மாள் கடிதம் எழுதினார். விடுதிக்கு உதவுகிற உடன்படிக்கையைப் புதுப்பிக்க வேண்டும், விடுதிப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், ஒருமுறை வந்து பார்க்க ஆசை. பதில் போடலாம்தான், ஆனால் பதிலில் அவரை என்னவென்று கூப்பிடுவது? பேராயர் என்று எழுதினால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், வெறும் அம்மையார் என்று எழுதினால் அவமரியாதை. அதனால் எழுதவே இல்லை. இரண்டாவது கடிதம், மூன்றாவது கடிதம், ராபர்ட் சாரின் டைரி வீங்கிக்கொண்டே போனது. இங்கே ஞாயிறுதோறும் ஆர்விட் ஐயாவுக்கு நீடிய ஆயுசு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கடிதத்தில் அந்த அம்மாள் அதையும் ஒரு வரி எழுதியிருக்கிறார், ஆர்விட் அவர்கள் காலமாகி இரண்டு வருஷமாகிறது, உங்களுக்குத் தெரிவித்திருந்தோம். உங்களிடமிருந்து மூன்று ஆண்டாகப் பதில் இல்லாததால் இந்த உறவு முடிந்ததாக எடுத்துக்கொள்கிறோம், உங்களுக்காகத் தொடர்ந்து ஜெபிப்போம். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ராபர்ட் சார் அதைப் படித்துவிட்டு, "நீயே போயி பக்குவமா சொல்லிட்டு வாம்மா, பொம்பளப் புள்ளைங்க விஷயம்" என்றார், இதற்கு மட்டும் பொம்பளை வேண்டியிருந்தது அவருக்கு.

வெள்ளாற்றுப் பாலம் வந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் இருந்ததா இல்லையா, பார்க்கவில்லை. விடுதியில் இருபத்து மூன்று பிள்ளைகள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஆறு பேர், மீதி பாதிக்கு மேல் பிச்சாவரம் பக்கத்துக் குப்பங்கள். இலக்கியா பிளஸ் ஒன், அவள் மாமன் போன வருஷமே நிச்சயம் பண்ண வந்தான், விடுதியில் இருக்கிறாள், படிப்பு முடியட்டும் என்றுதான் வார்டன் ஜான்சி அவனைத் திருப்பி அனுப்பினாள், இனி என்ன சொல்லி அனுப்புவது? மே மாதம் பெட்டியோடு போய் இறங்குவாள், ஜூனில் பத்திரிகை வரும், போய் மொய் வைத்துவிட்டு வர வேண்டியதுதான்… வேறு யாராவது உதவ மாட்டார்களா, ஜெர்மனிக்கு எழுதலாமா, எழுதலாம், யார் எழுதுவது, எந்தக் கமிட்டி கையெழுத்துப் போடும், சீ, நடக்காது, எதுவும் நடக்காது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து விடுதிக்குப் போனபோது மாலை ஜெபம் ஆரம்பித்திருந்தது. வார்டன் ஜான்சி வாசலிலேயே நின்றாள், அழுது கழுவிய முகம், போனிலேயே அவளுக்குச் சொல்லியாகிவிட்டது. "நீங்களே சொல்லிடுங்கக்கா, எனக்கு வாய் வரல." உள்ளே பாயில் பிள்ளைகள். இலக்கியா எழுந்து நின்று சீட்டைப் பார்த்து வாசிக்கிறாள், எங்கள் பேராயர் ஆர்விட் ஐயாவுக்கு நல்ல சுகமும் நீடிய ஆயுசும்… போதும், தாங்கவில்லை பிரிசில்லாவுக்கு.

"நிறுத்தும்மா. அவரு செத்துப்போயிட்டாரு. ரெண்டு வருஷமாச்சு."

இருபத்து மூன்று முகமும் திரும்பின. இலக்கியா சீட்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "அப்ப இப்ப யாருக்கா பேராயரு?"

"கர்ஸ்டின்னு ஒரு அம்மா."

"பொம்பளயா?" என்றாள் இலக்கியா. பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது, ஒரு சின்னப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தொடையைத் தட்டியது. "எப்போலேர்ந்துக்கா?"

"மூணு வருஷமா."

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?"

எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள், எப்போது மூடுவார்கள், டி.சி. யார் தருவார்கள், பரீட்சை எழுத முடியுமா. இதற்கு, ராபர்ட் சார், கமிட்டி, பெரியவங்க என்று வாயைத் திறந்தவள் இலக்கியா கையிலிருந்த சீட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். விடுதிச் சீட்டு அது. மாதக் கடைசியில் இவளே அடித்து, இவளே கவரில் போட்டு அனுப்புவது. ராபர்ட் சார் அதைக் கையில் வாங்கியதே இல்லை, எந்தக் கமிட்டிக்கும் அது தெரியாது, இந்த ஹாலில் ஒத்துக்கொள்ளாத பெரியவர் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை. இங்கே யாருக்குப் பயந்து அந்தப் பெயரையே அடித்தாள்? மூன்று வருஷம், முப்பத்தாறு சீட்டு, ஒன்றிலாவது கர்ஸ்டின் என்று… ஜான்சி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. இலக்கியா பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள், விடுதியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசியாகவில்லை.