முகமில்லாதவளுக்காக ஓர் அலறல்

1

இந்தக் கதை என் மச்சான் சொன்னது. மனைவியின் தம்பி, சினிமாவில் ஒலிப்பதிவாளன். அவன் சொல்லி முடித்தபோது கையிலிருந்த காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. எங்கள் இருவர் தூக்கமும் கெட்டதுதான் கெட்டது, நீங்களும் வந்து சேருங்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: கும்மிருட்டில் ஒரு குழந்தை தன்னந்தனியாக

வேண்டாம். பேய்க்கதை என்று நினைத்துவிடுவீர்கள். இதில் பேய் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை.

2

அவள் ஒரு திரைப்பட இயக்குநர். மகளுக்கு எட்டு வயது, வீட்டில் கூப்பிடுவது குட்டிமா என்று. காலையில் எழுந்ததும் குட்டிமா தன் கனவைச் சொல்வாள்: நீளமான ஓர் அறை, தலைகீழாக நடக்கும் பொம்மைகள், விளக்கை அணைத்துவிட்டுப் போகும் ஒரு பெண். அம்மா பல் துலக்கியபடியே கேட்டுக் கேட்டு, அதைப் படமாகவே எடுத்துவிட்டாள். படத்தில் அந்தப் பெண்ணுக்கு முகம் கிடையாது. நெற்றி முதல் தாடைவரை வழவழவென்று வெறும் தோல்.

படத்தில் வரும் சிறுமிக்குக் குரல் கொடுக்கவும் குட்டிமாவையே மச்சானின் ஒலிப்பதிவுக்கூடத்துக்குக் கூட்டிவந்தாள். (இந்த அம்மாவை ராட்சசியாக்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் மச்சான் சொன்னதை மறைக்கக் கூடாது: டேக்குக்கு டேக் மகளுக்கு வெந்நீர் ஆற்றிக் கொடுத்தவளும் அவள்தான்.)

3

கடைசியில் ஓர் அலறல்தான் பாக்கி. விளக்கு அணையும்போது சிறுமி அலற வேண்டும். குட்டிமாவுக்கு வரவில்லை, கத்தப்போனால் சிரிப்பு வந்தது.

பதிவறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அம்மா மச்சானிடம் குனிந்தாள். "தம்பி, சொல்லாம கொள்ளாம உள்ள லைட்ட ஆஃப் பண்ணுங்க. நெஜமா பயந்தாத்தான் வரும்."

"பாப்பா பாவம் மேடம்..."

"ஒரே ஒரு தடவதான். ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தா மறந்துடுவா."

மச்சான் அணைத்தான்.*

* இங்கேதான் பிசகு. உள்ளே இருப்பவரோடு பேச ஒரு சுவிட்ச் உண்டு. பேசி முடித்ததும் அதை அணைக்க வேண்டும். முந்தைய டேக்கில் "சபாஷ்டா கண்ணு" என்றவன் அணைக்க மறந்துபோனான். இவர்கள் பேசியதெல்லாம் குழந்தையின் ஹெட்போனில் கேட்டிருக்கிறது.

4

அலறல் வரவில்லை. இருட்டிலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"அம்மா, நீ சொன்னது கேட்டுச்சு."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கனவுலயும் நீதாம்மா லைட்ட அணைப்ப."

"என்னடா சொல்ற? அவளுக்குத்தான் மூஞ்சியே இல்லையே!"

"அது நீயா வச்சது. கனவுல மூஞ்சி இருந்துச்சு. யாருன்னு நீ கேக்கவே இல்ல."

மச்சான் தட்டுத் தடுமாறி விளக்கைப் போட்டான். குட்டிமா அழவில்லை, மைக்குக்கு முன்னால், சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், எல்லாமே பதிவாயிருக்கு. அழிச்சிடவா?"

அம்மா வாயைத் திறந்தாள். அவள்

5

அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன். "அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள் என்று ஒருமுறை எழுதினேன், அடித்தேன். "இருக்கட்டும், அலறலைவிட இது நல்லா இருக்கு" என்றாள் என்று இன்னொருமுறை எழுதினேன். அடிக்க மனம் வரவில்லை. கதைக்கு அதுதான் எடுப்பாக இருந்தது. அப்படித் தோன்றியதும் எனக்கே பகீரென்றது.

மச்சானுக்குப் போன் போட்டேன். "அவங்க என்னதான்டா சொன்னாங்க?"



"அவங்க என்ன சொன்னாங்கன்னு அன்னிக்கு ஒண்ணு, இப்ப ஒண்ணு, ரெண்டு தடவ கேட்டுட்டீங்க மாமா. அந்தப் பாப்பா இப்ப எப்படி இருக்குன்னு ஒரு தடவகூடக் கேக்கலயே!"

போனை வைத்துவிட்டான்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒன்று: நீங்களாவது கேட்டீர்களா?