டியூப்புக்குள் பெண் கேட்டவன்

என் வருங்கால மாமனாருக்கு வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை. அவர் என் வருங்கால மாமனார் என்பது எனக்கும் அவர் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். அவருக்குத் தெரியாது. தெருவில் அவருக்குப் பெயரே 'கம்ப்ரஸர்'தான். பட்டறையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் மெஷினாவது அழுத்தம் ஏறினால் தானாக நின்றுவிடும். இவருக்கு அந்த வசதி கிடையாது.

நான் அதே தெருவில் தையற்கடை வைத்திருக்கிறேன். ஊசியில் நூல் கோக்கும்போது கை நடுங்காத எனக்கு, அவர் எதிரே நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வேறொரு வீட்டார் அவளைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் நான் அவள் அப்பாவிடம் பெண் கேட்காவிட்டால், வருகிறவர்கள் முன்னால் சம்மதம் என்று தலையாட்டிவிடப்போவதாக அவள் மிரட்டினாள். வழியும் அவளே சொன்னாள். பட்டறை மெஷினின் காற்று டியூப் வெடித்துவிட்டது, அப்பா புதிது வாங்கப் போகிறார், கடையில் சாமான் பார்க்கும்போது மட்டும்தான் அவர் மனசு இளகும். தூக்கிவர ஆள் வேண்டுமே என்று அப்பாவிடம் பேச்சை எடுத்து, என்னை அவர் தலையில் கட்டியும் விட்டாள்.

டியூப் கடை ஒரு சந்து அகலம். இரண்டு பக்கமும் கூரைவரை டியூப் சுருள்கள். கறுப்பு ரப்பர், உள்ளே நூல் பின்னல் தெரிகிற, கண்ணாடி போன்ற டியூப், ஸ்பிரிங் மாதிரி சுருண்ட நீலம். வருங்கால மாமனார் பின்னல் டியூப்பை என் கையில் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, நெசவு நெருக்கமாக இருக்கிறது, துவைத்தால் சுருங்காது என்றேன்.

"தம்பி, இத நான் போட்டுக்கிட்டு விசேஷத்துக்குப் போகப்போறதில்ல" என்றார்.

டியூப்பின்மேல் அச்சடித்திருக்கிற அழுத்தக் கணக்கை அவர் நம்பமாட்டார். அவருக்கென்று ஒரு சோதனை உண்டு. ஒரு முனையில் ஒருவன் ஊத வேண்டும். மறுமுனையைக் காதில் அடைத்து அவர் கேட்பார். எங்கேயாவது கீறல் இருந்தால் 'உஸ்' சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமாம். தெரு இரைச்சல் ஆகாது என்று மறுமுனையை இழுத்துக்கொண்டு கடையின் பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் வாசலில் நின்று ஊதினேன். விழி பிதுங்கியது.

டியூப்பிலிருந்து அவர் குரல் வந்தது. "போதும் தம்பி, உயிர விட்டுடாதீங்க."

எவ்வளவு சாந்தமான குரல்! அந்த முகமும் மீசையும் இல்லாமல் குரல் மட்டும் வந்தபோது எனக்குப் பயமே இல்லை. எனக்கும் புத்தி வேலை செய்யும் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். அடுத்து கறுப்பு ரப்பரின் முனை என் கைக்கு வந்தது. ஊதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் பேசினேன்.

"சார், உங்க பொண்ண எனக்குக் கட்டிக்குடுங்க. மாளிகையெல்லாம் கட்ட முடியாது. ஆனா ஒருநாளும் கிழிஞ்சத உடுத்த விடமாட்டேன்."

பிறகு டியூப் தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"தம்பி, எனக்கு ரெண்டும் பசங்களாச்சே."

கடைக்காரர்! முனை கீழே கிடந்தால் தூசி ஏறும் என்று அவர் கையில் கொடுத்துவிட்டு, என் வருங்கால மாமனார் டியூப்பை இறுக்கும் கிளிப் பார்க்கப் போய்விட்டிருக்கிறார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது எனக்காகச் சொன்னதுதான். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் கடைக்காரர் உதவி செய்யும் உற்சாகத்தில் கிளிப் பெட்டியருகே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கடை முழுக்கத் திரும்பியது. குழாய் வேலைக்காரர் ஒருவர் பையனுக்கு என்ன தொழில் என்று விசாரித்தார். பம்ப் மெக்கானிக் ஒருவர், பார்க்க ஒரு மாதிரியாக இருந்தாலும் நாள்பட உழைக்கும் என்றார். ரப்பரைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று கேட்கத் தைரியம் இல்லை.

ஓடிவிடலாம் என்றால் காலைச் சுற்றி டியூப். கம்ப்ரஸர் கையில் கிளிப்போடு வந்து எதிரே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தால் அல்ல, அவள் கைநழுவிப் போகிறாளே என்றுதான்.

"அவளுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கிளிப்பின் திருகாணியை நகத்தால் முறுக்கினார், தளர்த்தினார், மறுபடி முறுக்கினார். எந்த டியூப்பை வெட்டுவது என்று கடைக்காரர் நடுவில் வந்து கேட்டார். கட்டிய மனைவியைக்கூட ஒரு பெயின்ட் டப்பா தேர்ந்தெடுக்க விடாத மனிதர் கம்ப்ரஸர்.

"மாப்பிள்ளை எதக் காட்டுறாரோ அத வெட்டுங்க" என்றார்.

மாப்பிள்ளை! கண்ணில் நீர் முட்ட, சுருள்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. கையை நீட்டி ஒன்றைக் காட்டினேன். கத்தியை எடுத்த கடைக்காரர் தயங்கினார். நான் காட்டியது செடிக்குத் தண்ணீர் விடுகிற பச்சை டியூப்.

கம்ப்ரஸரின் கழுத்து நரம்பு புடைத்தது. பச்சை டியூப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அதையும் வெட்டுங்க" என்றார். "வீட்ல செடி இல்ல. இனிமே வச்சுக்கறோம்."