ஜெப்ஸியின் சாதாக் கடல்நீர்

1
நேராகப் போகத் தெரிந்த உயிர் உலகத்தில் ஒன்றுதான்: எழுத்தாளன். சந்தேகம் இருந்தால் பெவின் நடத்தும் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையைப் புரட்டுங்கள். ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது.

இந்தக் கதை ஒரு தூத்துக்குடி மக்ரூனில் பிறந்தது. எழுதுகிறவன் பெவின், முதுகலை, கடல் நுண்ணுயிரியல். கதைக்குள் ‘நான்’ என்று வரமாட்டான், ‘அவன்’ என்றுதான் வருவான். ஜெப்ஸி படித்துவிட்டால், அது வேறு பெவின் என்று சொல்லிக்கொள்ளலாம்.

2
ஜெப்ஸி அவனோடு ஆய்வகத்தில் இருப்பவள். ஒரு பிளாஸ்டிக் சிப்பில் சின்னச் சின்னக் குழிகள். ஒரு குழியில் நுண்பாசி ஊறிய நீர். ஒப்பிட்டுப் பார்க்க, இன்னொன்றில் சாதாக் கடல்நீர். சிப்பைக் கடல்நீரில் அமிழ்த்தி, பாக்டீரியா எந்தக் குழிக்குள் நீந்துகிறது என்று எண்ணுவாள். பாசி கசியவிடும் சர்க்கரைக்கும் அமினோ அமிலத்துக்கும் அது வரும். வரும் விதம்தான் வேடிக்கை. கொஞ்சம் ஓடும். சற்று முன்பைவிட ருசி கூடியிருக்கிறதா என்று பார்க்கும். கூடினால் மேலும் ஓடும். குறைந்தால் பின்வாங்கி, திசை மாற்றி, மறுபடி ஓடும்.

திருச்செந்தூர் பஸ்ஸைத் தேடும் வெளியூர்க்காரன் என்று பெவின் அதைக் கேலி செய்து எழுதினான்.

“ஏலே, அதுக்குக் கண்ணும் கெடையாது, மூக்கும் கெடையாது. ஆனாலும் போய்ச் சேந்துருது. நீ எங்கன போய்ச் சேந்த?” என்றாள் ஜெப்ஸி.

3
[அன்று நல்ல மழை. – தூத்துக்குடியில் யார் நம்புவார்கள்? இந்த வரியை அடி.]
[மக்ரூன் தானாகவே விழுந்தது. – அடி.]

பெவின் ஆய்வகத்துக்குள் மக்ரூன் தின்றான். சாதாக் கடல்நீர்ப் புட்டி திறந்திருந்தது. ஒரு துணுக்கு உள்ளே உதிர்ந்து கரைந்தது. சர்க்கரை, முட்டை வெள்ளை, முந்திரி. பாக்டீரியாவுக்குக் கல்யாணச் சாப்பாடு. அவன் மூடியைப் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் ஜெப்ஸியின் பாக்டீரியா பாசியை விட்டுவிட்டுச் சாதாக் குழியில் மொய்த்தன. அவளுக்கு அது கண்டுபிடிப்பு. நாளைக் காலையில் துறை முழுக்க உட்கார்ந்திருக்க, அதைச் சொல்லப் போகிறாள்.

“ஒருத்தரும் பாக்காதத நான் பாத்துருக்கேம்லே” என்று அவனிடம் மட்டும் சொன்னாள். அவன் வாழ்த்துச் சொன்னான்.

4
[முடிவு அ: அவன் சொல்லவில்லை. பேராசிரியர் ஒரே கேள்வியில் அவளை எல்லார் முன்னாலும் உட்கார வைத்தார். – பெவினுக்கு வசதி. அதனாலேயே அடி.]
[முடிவு ஆ: அவன் நேராகப் போய்ச் சொல்லிவிட்டான். – பொய். அடி.]

ஆய்வகத்துக்குள்ளே ஜெப்ஸி நாளைய உரையைச் சொல்லிப் பார்க்கிறாள். பெவின் வராந்தாவில் கொஞ்சம் நடக்கிறான். நிற்கிறான். பின்வாங்கித் தண்ணீர்க் குழாய் வரை வருகிறான். அங்கே அவள் குரல் கேட்கவில்லை. திரும்புகிறான். கேட்கிறது. இன்னும் கொஞ்சம் நடக்கிறான். இன்னும் நன்றாகக் கேட்கிறது.

கதவைத் தள்ளினான்.

“என்னலே?”

“ஏளா, அந்தச் சாதாத் தண்ணியில...”

[மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். இங்கே அடித்து அடித்துத் தாள் கிழிந்துவிட்டது.]