இறக்கி வைத்த சுருதி

கிதாரில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டைக்கு அடியில் விசிட்டிங் கார்டு பாதிவரை நுழைந்தது. மச்சினி அதை உருவி என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"பாத்தீங்களா? பசை விட்டுப்போச்சு. கம்பி இப்படியே இழுத்துக்கிட்டு நின்னா மேல்பலகையையும் பிய்ச்சுக்கிட்டு வந்துடும்."

கிதார் என் மனைவியுடையது. அவள் வைத்த இடத்திலேயே, ஜன்னலோரம், ஸ்டாண்டில் இருந்தது. அவள் போனபின் நான் அதைத் தொடவில்லை. பெருக்கும்போதுகூடச் சுற்றித்தான் பெருக்கினேன்.

"ஒட்டிடு," என்றேன். "ஆனா கம்பியத் தளர்த்தாம."

"ஓடுற பஸ்ஸுக்கு டயர் மாத்துவீங்களா, மாமா?"

அவள் சொன்னது சரி. நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இன்ஜினியர். பாரம் தொங்கும்போது பிரேக்கைத் தொடாதே என்று புதிதாகச் சேருபவர்களுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன். ஆனால் இந்தக் கம்பிகளை முறுக்கி வைத்தது என் மனைவி.

அவளுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. சிகிச்சை தொடங்கியதும் குரல் இறங்கியது. குரல் இறங்க இறங்க, சேர்ந்து பாடத் தோதாகக் கிதாரின் சுருதியையும் இறக்கினாள். முதலில் அரைக்கட்டை. பிறகு ஒன்று. கம்பிகள் தொளதொளத்துப் பலகையில் மோதின. தடித்த கம்பி வாங்கி வந்து மாட்டினேன். அது தலைப்பக்கப் பள்ளத்தில் சிக்கியது. பென்சில் முனையைச் சுரண்டிக் கரித்தூளைப் போட்டாள், வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. தோள்வார் மாட்டும் குமிழ் ஆடியது. துளையில் தீக்குச்சியை ஒடித்துச் செருகினாள்.

"ஆளும் ரிப்பேர், கிதாரும் ரிப்பேர். பத்துப் பொருத்தமும் இருக்கு," என்றாள்.

கடைசியில் கட்டிலில் சாய்ந்தபடி இன்னும் கொஞ்சம் இறக்கினாள். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எனக்கு இசைக்காது கிடையாது. அந்தக் குரலைப் பதிவு செய்யவும் அவள் விடவில்லை. அது எவ்வளவு கீழே போயிற்று என்பதற்கு அந்த ஆறு கம்பிகள்தான் மிச்சம். தளர்த்தினால் அதுவும் போய்விடும்.

இதை மச்சினியிடம் சொன்னேன். சொல்ல நேரமாயிற்று. அவள் கிண்டல் பண்ணவில்லை.

"அவ்ளோதானே மாமா? ஒவ்வொரு கம்பியையும் அளந்து எழுதிக்குவோம். பசை காஞ்சதும் அதே அளவுக்கு முறுக்கிடலாம். ஒரு இம்மி மாறாது."

பையிலிருந்து சுருதி அளக்கும் டியூனரை எடுத்தாள். துணிக்கு மாட்டும் கிளிப் போலிருந்தது. கிதாரின் தலையில் கவ்வ வைத்தாள். ஒரு பேனாவைத் தேடிக் கொடுத்தேன்.

முதல் கம்பியை மீட்டினாள். திரையில் முள் எழுந்தது. எழுதினாள். இரண்டாவதை மீட்டினாள். எழுதவில்லை. மூன்றாவதுக்குப் போய்விட்டு முதலுக்குத் திரும்பினாள். ஆறையும் சேர்த்து ஒருமுறை வருடினாள். இசைக்காது இல்லாத எனக்கே பல் கூசியது.

"என்ன?"

"ஒண்ணுக்கொண்ணு சேரல."

"அவ அப்படி வச்சிருப்பா."

"மாமா." ஜன்னலைப் பார்த்தாள். "தினமும் இங்க வெயில் அடிக்குதுல்ல? அதுலதான் பசையும் விட்டிருக்கு. கம்பியும் ஒவ்வொண்ணு ஒவ்வொரு பக்கம் போயிருக்கு. இது அக்கா வச்சது இல்ல. இது யாரு வச்சதும் இல்ல."

"ஒரு கம்பியாவது நகராம இருந்திருக்கும்."

"இருக்கலாம். எதுன்னு எப்படித் தெரியும்?"

"உனக்கு ஞாபகம் இருக்கா? கடைசியா எவ்ளோ இறக்கினான்னு?"

"நான் வந்தப்பல்லாம் அவ பேசவே இல்லையே மாமா. எழுதித்தான காட்டினா."

டியூனர் தானாக அணைந்தது.

"நான் தளர்த்தவா?" என்றாள்.

"நானே பண்றேன்."

தடித்த கம்பியிலிருந்து தொடங்கினேன். திருகத் திருக ஓசை கீழே போய், பின் ஓசையே இல்லாமல் கம்பி தொங்கியது. ஆறும் அப்படித்தான். அவள் பிரிட்ஜுக்கு அடியில் மெல்லிய கத்தியை விட்டுப் பழைய பசையைச் சுரண்டினாள். நான் புதுப்பசையைத் தள்ளினேன். கிதாரின் நடுத்துளை வழியாகக் கிளாம்பை நுழைத்து, ஒட்டிய இடத்தைக் கவ்வும்படி திருகி இறுக்கினேன்.

"போதும், பலகை நொறுங்கிடும்."

என் கை இன்னும் அரைச் சுற்று திருகியது. அவள் என் கையைப் பிடித்து எடுத்தாள். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்தாள்.

"நாளைக்கு மாட்டலாம். எந்தச் சுருதிக்கு வைக்க?"

"உன் தொண்டைக்கு எது சரியோ அதுக்கு."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு சுரத்தை நீட்டிப் பாடினாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா மாதிரி இருக்கா?"

"இல்ல," என்றேன்.

தலையாட்டினாள். மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.