கயாவுக்கு வந்த புரட்டாசி

மலேசியாவின் கிள்ளானில், லோகன் வீட்டு நாய் கயாவுக்கு மனிதர்கள் என்றால் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியத்தை அது பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்கள் இரண்டையும் வந்தவர் மார்பில் ஊன்றித்தான் தெரிவிக்கும். தபால்காரர், மீட்டர் பார்க்க வரும் பெண், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு வருகிறவர்கள் என்று அதற்குப் பேதம் கிடையாது. இருபத்திரண்டு கிலோ பிரியம் மேலே வந்து விழுந்தால் யாருக்கும் ஒரு அடி பின்னால் போகத்தான் வேண்டியிருக்கும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் லோகன் பாசாரில் மீன் வாங்கிவிட்டுக் கார்க் கதவைத் திறக்கக் குனிந்தபோது டயருக்கு அடியில் சுருண்டு கிடந்த குட்டி அது. தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டி ரொட்டியில் தடவுகிறோமே, அந்தக் கயாவின் நிறம். பெயரும் அதுவே ஆயிற்று. மனைவி குமுதா முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் அவள் பழைய கைலி ஒன்று குட்டிக்குப் படுக்கையாகிவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டு கெர்ட்ரூட் அக்காவின் வலது முட்டி தேய்ந்து போகிறவரைக்கும்.

கெர்ட்ரூட் அக்காவும் குமுதாவும் முப்பது வருடமாகச் சேர்ந்து டீ குடிக்கிறவர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா தன் கேட்டைத் திறந்து, லோகன் வீட்டுக் கேட்டைத் திறந்து, போர்ச்சில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அந்த வரிசை வீடுகளில் சாயங்காலமே ஆரம்பமாகும். அவர் என்றால் கயாவுக்கு உயிர். உயிராக இருந்ததால் மற்றவர்களைவிட அரை அடி உயரமாகவே தாவும். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, "போதும்டா ராஜா, போதும்டா" என்று சமாளிப்பார்.

செப்டம்பர் தொடக்கத்தில் அக்காவுக்கு முட்டி மாற்றினார்கள். பிறகு ஐந்து வாரம் பிரிக்பீல்ட்ஸில் மகள் ஆட்ரியின் வீட்டில் இருக்க வேண்டும். அங்கே மின்தூக்கி உண்டு, நடக்கப் பழக்கிவிடும் இடமும் பக்கத்தில். அதன் பிறகு கைத்தாங்கலுக்கு இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவார்.

"அந்த நேரத்துல இது மேல தாவுச்சுன்னா என்னா ஆகும்?" என்றாள் குமுதா. "அக்கா விழுந்தா அந்த முட்டியோட போகாது. அதுக்கப்புறம் நான் எந்த முகத்தோட பக்கத்து வீட்டுல குடியிருக்கிறது?"

"கட்டிப் போட்டுடலாம்லா."

"போன மாசம் கட்டிப் போட்டோமே. ஊளையிட்ட ஊளையில மூணு வீட்டுக்காரங்க வந்து யாருக்கு என்னா ஆச்சுன்னு கேட்டாங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அக்கா வர்றதுக்குள்ள இது காலைக் கீழ வைக்கப் பழகணும். இல்லாட்டி டெங்கில்தான். கன்னையா அண்ணன்கிட்ட பேசிட்டேன்."

குமுதாவின் அண்ணன் கன்னையாவுக்கு டெங்கிலில் இரண்டு ஏக்கர் செம்பனைத் தோட்டமும் ஆறு ஆடுகளும் இருந்தன. காவலுக்கு நாய் வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். திருடன் வந்தால் அவனையும் கயா கட்டிப்பிடித்துத்தான் வரவேற்கும் என்பதை லோகன் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் வேறு நாய் பார்ப்பார் என்ற ஆசை ஒரு பக்கம் இருந்தது. குமுதாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிவரும் என்ற பயம் மறுபக்கம் இருந்தது.

லோகன் துறைமுகக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காரியத்தைக் கட்டம் போட்டு எழுதினால் பாதி முடிந்த மாதிரி என்பது அவர் எண்ணம். புது நோட்டு ஒன்று வாங்கி, முப்பத்தைந்து நாளுக்கும் கோடு போட்டார். சுங்கை பூலோவிலிருந்து உஷாராணி என்ற பெண்மணியை வரவழைத்தார். நாய்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் அவர் தொழில்.

உஷாராணி கேட்டைத் திறந்து உள்ளே வந்ததும் கயா தாவியது. அவர் ஒன்றும் பேசாமல் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். கயா சுற்றி வந்து தாவியது. மறுபடியும் முதுகு. நாலாவது தடவை, இது என்ன மனுசி என்பதுபோலக் கயா கீழேயே நின்று பார்த்தது. அந்த நொடியில் அதன் வாயில் ஒரு துண்டு அவித்த கோழி ஈரல் போய் விழுந்தது.

"அவ்ளோதாண்ணே. நாலு காலும் தரையில இருந்தா ஈரல். தாவினா முதுகு. திட்டாதீங்க, தள்ளாதீங்க. நீங்க தள்ளினா அதுக்கு விளையாட்டு, கத்தினா அதுக்குக் கச்சேரி."

அன்று கயா தாவியது நாற்பத்தொரு தடவை என்று நோட்டில் ஏறியது. பத்தாம் நாள் ஒன்பது தடவை. பன்னிரண்டாம் நாள் நாலே தடவை. அதிலும் ஒன்று பட்டாம்பூச்சியைப் பார்த்து. லோகன் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

பதின்மூன்றாம் நாள் காலையில் குமுதா குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஈரல் டப்பா இருந்தது.

"இதை இன்னைக்கே முடிச்சிடுங்க. நாளைக்குப் புரட்டாசி."

லோகனுக்குச் சுரீர் என்றது. முப்பத்தைந்து நாளுக்கும் கோடு போட்டவர், மழை பெய்தால் எந்த மூலையில் பாடம் நடத்துவது என்றுகூட எழுதி வைத்தவர், தேதிகளை எல்லாம் காப்பிக் கடையில் கொடுத்த ஆங்கிலக் காலண்டரைப் பார்த்து எழுதியிருந்தார். தமிழ்க் காலண்டர் சாமி அறையில் தொங்கியது. அது குமுதாவின் இலாகா.

"குமுதா, அது நாய்லா! பெருமாளுக்கு நாய் மேல கோவம் வராது."

"நாய் மேல எனக்கும் கோவமில்ல. என் சட்டியில அவியுது, என் அலமாரியில இருக்குது. இந்த ஒரு மாசம் கேட்டுக்கு உள்ள மாமிசம் வரக்கூடாது. நாப்பது வருசமா வந்ததில்ல."

கயா புரட்டாசியைக் குறை சொல்லவில்லை. பூசணிக்காய் போட்ட தயிர்சாதத்தைத் தட்டு பளபளக்கும்படி நக்கிச் சாப்பிட்டது. ஆனால் சாப்பாடு வேறு, வேலை வேறு என்று அதற்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. லோகன் கேரட் துண்டை நீட்டினார். முகர்ந்து பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தோடு அவர் மார்பில் தாவியது. சீஸ் கொடுத்துப் பார்த்தார். இரண்டு நாள் ஒழுங்காக வேலை செய்தது. மூன்றாம் நாள் சனிக்கிழமை விடியற்காலையில் வயிறு கலங்கிப் போர்ச் முழுவதும் கோலம் போட்டு வைத்தது. பெருமாளுக்குப் படைக்க வேண்டிய நாளில் குழாயைப் பிடித்துப் போர்ச் கழுவிய குமுதா, விளக்குமாற்றை லோகன் பக்கம் நீட்டிக் காட்டினாள். அந்த விளக்குமாற்றுக்குப் பயந்தே லோகன் சீஸை விட்டார். கடைசியாகச் சீனர் சைவக்கடையில், பார்வைக்கு அசல் கோழியாகவே இருக்கும் சோயாக் கறியை வாங்கி வந்தார். கயா அதை வாயில் வாங்கி, அவர் செருப்புக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்துவிட்டுப் போனது.

நோட்டில் எண்கள் ஏறின. பன்னிரண்டு. பத்தொன்பது. இருபத்தாறு.

இதையெல்லாம் பக்கத்துப் போர்ச்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் கெர்ட்ரூட்டின் கணவர் மாரிஸ். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஊரில் இல்லாததால் பேச ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"லோகன், கேட்டுக்கு உள்ளதானே வரக்கூடாதுன்னு குமுதா சொல்லுச்சு? என் வீட்டுல ஏது புரட்டாசி? ஈரல் என் பிரிட்ஜ்ல இருக்கட்டும். நாயை இங்க கொண்டா."

லோகன் அரை நாள் யோசித்தார். குமுதா சொன்ன சொல்லை அவர் எழுத்துக்கு எழுத்து மீறவில்லை. அதுவே போதும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். தினமும் மூன்று மணிக்கு, குமுதா கண்ணயரும் நேரத்தில், கயாவோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். மாரிஸ் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, தன் மனைவி நடக்கப்போகும் மாதிரியே தத்தித் தத்தி நடந்து காட்டினார். கயா ஓடி வரும், அவர் எதிரில் நிற்கும், பிறகு தானாகவே உட்காரும். மாரிஸ் வலது பாக்கெட்டிலிருந்து ஈரலை எடுத்துப் போடுவார்.

"பாருய்யா, என்னா பணிவு! நான் வேலை பழக்கின பசங்ககூட இப்படி நின்னதில்ல."

ஒரே வாரத்தில் அந்தப் போர்ச்சில் எண் பூஜ்யம். நான்கு நாள் தொடர்ந்து பூஜ்யம். லோகன் தலை நிமிர்ந்து கயாவை வீட்டுக்கு அழைத்து வந்தார். கேட்டைத் திறந்ததும், உள்ளே நின்றிருந்த குமுதா மேல் கயா ஒரே தாவு. அவள் கையிலிருந்த சொளகு மூன்றடி தள்ளிப் போய் விழுந்தது.

பதறிப்போய் உஷாராணிக்குப் போன் போட்டார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, நாய் பாடத்தோட இடத்தையும் சேர்த்துத்தான் படிக்கும். நீங்க தாவாதேன்னு சொல்லிக் குடுக்கல. மாரிஸ் அங்கிள் போர்ச்ல தாவாதேன்னு சொல்லிக் குடுத்திருக்கீங்க. அந்தக் கேட்ல அது பத்தரை மாத்துத் தங்கம். உங்க கேட்ல பழைய கயாதான்."

"இப்ப என்னாங்க செய்யறது?"

"உங்க கேட்ல முதல்லேருந்து ஆரம்பிங்க. ஈரலோட."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கன்னையாவும் அன்றைக்கே வேனோடு வருகிறார். புரட்டாசி முடிய இன்னும் பத்து நாள் பாக்கி.

அன்று மாலை குமுதா கயாவின் தட்டைச் சாம்பல் போட்டு விளக்கி, பழைய கைலியைத் துவைத்துக் காயப்போட்டாள். "டெங்கில்ல குளிரும்" என்றாள், யாருக்கென்று இல்லாமல். டெங்கில் எந்தக் காலத்தில் குளிர்ந்தது? லோகன் நோட்டை எடுத்து மேசை டிராயரில் வைத்து மூடினார். இரவுச் சாப்பாடு இருவருக்கும் இறங்கவில்லை. கயா மட்டும் இரண்டு பேர் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மூன்றாம் சனி. படையல் முடிந்து, பக்கத்து வீடுகளுக்குச் சர்க்கரைப் பொங்கலும் வடையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு குமுதா கேட்டைத் திறந்தாள். அதே நேரத்தில் மாரிஸ் வீட்டுப் போர்ச்சுக்குள் ஆட்ரியின் கார் நுழைந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசைக்குத் தன் மாதா கோயிலில் இருக்க வேண்டும் என்று அக்கா அடம்பிடித்து ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். கார்க் கதவு திறந்தது. இரும்புச் சட்டம் முதலில் இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு அக்கா மெல்ல எழுந்து நின்றார்.

குமுதாவின் கால்களுக்கு இடையே கயா புகுந்து வெளியே பாய்ந்தது.

"ஐயோ, பிடிங்க! பிடிங்க!" தட்டைக் கீழே வைக்கவும் முடியாமல், ஓடவும் முடியாமல் குமுதா கத்தினாள். லோகன் ஒற்றைச் செருப்போடு ஓடினார். ஆட்ரி அம்மாவின் முன்னால் வந்து நிற்பதற்குள் கயா அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. ஐந்து வாரப் பிரிவு அதன் வாலில் தெரிந்தது. இடுப்பே சேர்ந்து ஆடியது. அக்கா சட்டத்தை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தால், சட்டத்துக்கு ஒரு முழம் தள்ளி, கயா தரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நடுக்கம் முழுவதும் மூக்கு நுனியில் இருந்ததே தவிர, நான்கு காலும் தரையில்.

"அடி ஆத்தி!" என்றார் கெர்ட்ரூட் அக்கா. "யாரு வீட்டுப் பிள்ளை இது?"

லோகனுக்குக் கண் கலங்கியது. குமுதா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அப்போது கயா தலையைத் திருப்பியது. வாசலில் நின்ற மாரிஸின் வலது பாக்கெட்டை உற்றுப் பார்த்தது. சரக்கு வரவில்லை. எழுந்து போய்ப் பாக்கெட்டில் மூக்கை வைத்து முட்டிவிட்டு, மறுபடியும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் பாக்கெட்டைப் பார்த்தது.

"ஏன் அண்ணே," என்றாள் குமுதா மெதுவாக, "அது ஏன் உங்க பாக்கெட்டையே பாக்குது?"

மாரிஸ் லோகனைப் பார்த்தார். லோகன் கார்ச் சக்கரத்தைப் பார்த்தார்.

"ஈரல்மா" என்றார் மாரிஸ். "தினம் மூணு மணிக்கு. என் பிரிட்ஜ்லதான்."

"கேட்டுக்கு உள்ள கொண்டு வரல குமுதா" என்றார் லோகன் அவசரமாக. "ஒரு துண்டுகூடக் கொண்டு வரல."

"வயித்துக்குள்ள வெச்சு அது கொண்டு வந்துச்சே!" குமுதா சீறினாள். பிறகு சந்தேகம் வந்து கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களும் இங்கதான் சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல!"

"இல்லம்மா" என்றார் மாரிஸ். "ஒரு நாள் ஆம்லெட் கேட்டாரு. நான் குடுக்கல."

கெர்ட்ரூட் அக்கா சட்டத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். புது முட்டி சிரிப்பைத் தாங்குமா என்று ஆட்ரி பயந்து நாற்காலியைக் கொண்டு வந்து போட்டாள். குமுதா கடுகடுவென்றுதான் முகத்தை வைத்திருக்கப் பார்த்தாள். ஆனால் கயா இன்னும் எழுந்திருக்காமல், கூலிக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து, மிளகாய்த் துண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, பாதியைப் பிய்த்து அதன் முன்னால் போட்டாள். கயா மேலே பார்த்தது, பாக்கெட்டைப் பார்த்தது, வேறு வழியில்லை என்று வடையைத் தின்றது.

"ஆனா என் கேட்ல இது பழைய ஆட்டம்தானே ஆடும்?" என்றாள் குமுதா.

"ஆடும்" என்று ஒப்புக்கொண்டார் லோகன். "உஷாராணி சொல்லிட்டாங்க."

"நான் எங்கடி உன் கேட்டுக்கு வரப்போறேன்?" என்றார் அக்கா. "இன்னும் ஒரு மாசத்துக்குக் கார்ல கோயிலுக்குப் போறதோட சரி, வேற எங்கயும் நடக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. டீயை இங்க எடுத்துட்டு வா. முப்பது வருசமா நான்தானே வந்தேன்."

ஐந்து மணிக்கு குமுதா பிளாஸ்க்கும் ஐந்து கோப்பைகளுமாகப் பக்கத்துப் போர்ச்சுக்குப் போனாள். கிளம்புவதற்கு முன்னாலேயே டெங்கிலுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அண்ணே, நாளைக்கு வராதீங்க. நாய் இங்கேயே இருக்கட்டும்... இல்ல, முழுசா திருந்தல. புரட்டாசி முடிஞ்சதும் எங்க கேட்லயும் பாடம் ஆரம்பிக்குது, நானே நடத்தப் போறேன்... சங்கிலி வாங்கிட்டீங்களா? ஆட்டுக்குக் கட்டுங்க அண்ணே."