அடிக்கிளை

சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. கடை வாசலில் தானே நட்ட ஐந்து மாங்கன்றுகளும் ஆளுயரம் வந்ததும், கோடை தொடங்குகிற நேரமாகப் பார்த்து, அடிக்கிளைகளை எல்லாம் கழித்துவிட்டார். பார்க்க ஒழுங்காக, வரிசையாக நின்றன. அவருக்கு ஒரே பெருமை.

அந்த வருஷம் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே மாதத்தில் கன்றுகளின் மேற்குப் பக்கத்துப் பட்டை காய்ந்து, கறுத்து, நீளவாக்கில் வெடித்தது. தாகம் என்று நினைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். வெடிப்பு வளர்ந்துகொண்டுதான் போனது.

ஒரு நாள் முடிவெட்ட வந்த தோட்டக்காரர், கண்ணாடி வழியாகவே வாசலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கன்னுக்கும் நீங்கதான் கட்டிங்கா?"

"ஆமா. ஏன்?"

"அடிக்கிளைதான் தண்டுக்கு நிழல். அதை எடுத்துட்டீங்க. இளந்தோலு. மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா அடிச்சு வெந்துபோச்சு. தண்ணி ஊத்தினா மட்டும் இந்தப் புண்ணு ஆறாது. வெள்ளைத் துணி சுத்துங்க. துளிர் விட்டா அதைத் தொடாதீங்க."

பாதி வெட்டிய தலையை முடிக்கச் சலூன்காரருக்கு வெகுநேரம் பிடித்தது.

பக்கத்துக் கடையில் தையல் தைக்கிற தங்கை, விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். "சின்ன வயசுல உங்கிட்ட தலையைக் குடுத்தவ நானு. அந்தக் கன்னுங்ககிட்ட நட்டப்பவே சொல்லி வச்சிருக்கணும்ணா." சிரித்தபடியே வெள்ளை லைனிங் துணியில் ஐந்து உறைகள் தைத்தாள். தண்டு பருத்தால் தளர்த்திக்கொள்ள நாடாவும் வைத்தாள்.

அவர் கட்டும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. "கன்னுங்களுக்குப் பேன்ட்டா?" என்றார் பால்காரர்.

"ஒத்தக்கால் பேன்ட். உங்களுக்கும் வேணும்னா அளவு குடுத்துட்டுப் போங்க" என்றாள் தங்கை.

ஒரு கன்று பிழைக்கவில்லை. பட்டை முழுக்கக் கழன்றுவிட்டது. அதைப் பிடுங்கிய நாளில் அவர் கடை திறக்கவில்லை. மற்ற நான்கையும், மழை வந்த பிறகு உறை அவிழ்த்துப் பார்த்தார். வெடிப்பின் இரண்டு ஓரமும் உதடு போலத் தடித்து, ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்திருந்தன. விரலால் மெல்லத் தடவினார். தண்டின் கீழ்ப்பகுதியில் அங்கங்கே செந்துளிர்.

இரண்டு வருஷமாகிறது. கிளைகள் வாசல்வரை படர்ந்துவிட்டன. வருகிறவர்கள் முகத்தில் இலை உரசுகிறது. "கொஞ்சம் வெட்டிவிடக் கூடாதா?" என்று யாராவது முணுமுணுத்தால், சீப்பைத் துடைத்துக்கொண்டே சொல்வார்:

"குனிஞ்சு வாங்க. இடுப்புக்கு நல்லது."