வெயில் ஏறினால் தெரியும் சிலுவை

காலையில் சிலுவை இல்லை. வெயில் ஏறியதும் இருந்தது.

மேரிசெல்விக்கு இது பிடிபடவே இல்லை. அம்மாவின் கல்லறைப் பலகையை விடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பாள், வெறும் சிமெண்டு. உப்பளத்து வேலை முடிந்து மத்தியானம் வந்தால், நடுவில் வெள்ளையாகச் சிலுவை. இன்னும் அழுத்தித் துடைத்தாள். மறுநாள் இன்னும் வெள்ளையாக வந்தது.

அப்பா இறந்தபோது அம்மா இரண்டு பலகைகள் வார்க்கச் சொன்னாள், இரண்டிலும் குழிவாகச் சிலுவை. ஒன்று மாதா கோயில் கல்லறையில் அப்பாவுக்கு. இன்னொன்று தனக்கு. ஆனால் எண்பத்தைந்தாம் வருஷம் அம்மாவும் மேரிசெல்வியும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார்கள். குழந்தையில் தலையில் ஊற்றிய தண்ணீர் செல்லாது, விவரம் தெரிந்து முழுகுவதுதான் ஞானஸ்நானம் என்றது சபை. அனுமந்தைக் கடலில் இருவரும் முழுகினார்கள். அதனால் மூன்று வருஷம் கழித்து அம்மா இறந்தபோது மாதா கோயில் கல்லறையில் இடம் தரவில்லை. சவுக்குத் தோப்போரம் சபை மணலில் புதைத்தார்கள். சிலுவை ஆகாது என்றார் பாஸ்டர். கொத்தனார் அப்பாதுரை அம்மாவின் பலகையிலிருந்த குழிவைச் சாந்தால் நிரப்பி மட்டமாக்கினார்.

இப்போது அது திரும்பி வந்துவிட்டது.

அண்ணன் அறிவழகன் மாதா கோயிலை விடாதவன். "அம்மா கேக்குது செல்வி, அப்பா பக்கத்துல போவணும்னு. சிலுவையப் பாத்து சாமியாரும் எடம் தரேன்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை தோண்டி எடுத்துட்டுப் போறேன்."

"இங்கியே கெடக்கறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுதாண்ணா செத்துச்சு."

"அது அப்ப. இப்ப சொல்றதப் பாரு."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. உப்பு வாரும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அம்மா நிற்பதுபோல் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. நேரே அப்பாதுரையிடம் போனாள்.

"சாந்த எந்தத் தண்ணியில கொழச்சீங்க?"

"கேணிக்கு யாரு போறது? உப்பளத்து வாய்க்கால்ல மொண்டேன். கொழம்புக்கு உப்பு பத்தலன்னா சுரண்டிக்கம்மா."

உப்புப் பாத்தியில் நடப்பதுதான் பலகையிலும் நடந்தது. சாந்துக்குள் இருந்த உப்பு ஈரத்தோடு மேலே வந்தது, வெயில் ஈரத்தைக் குடித்தது, உப்பு தங்கியது. ராத்திரிப் பனியில் அது கரைந்து உள்ளே போனது. அவள் துடைத்த ஈரத்துணியும் அதற்குத் தண்ணீர்தான் கொடுத்தது.

அப்பாதுரையையும் அண்ணனையும் கல்லறைக்குக் கூட்டிவந்து சொன்னாள். அறிவழகன் அசையவில்லை. "உப்புன்னே வெச்சுக்க. சிலுவையா வரச்சொன்னது யாரு?"

"சாந்து அந்தக் குழியிலதான இருக்குது?"

"சுரண்டி எடுத்துடட்டுமா?" என்றார் அப்பாதுரை.

"எடுத்தா குழி தெரியும். அதுவும் சிலுவைதான்." அவள் பலகையை ஓரம்வரை கையால் தடவினாள். "அண்ணா, ஒரு வாரம் குடு. அப்பவும் சிலுவை தெரிஞ்சா நீ தோண்டிக்க."

பலகை முழுவதையும் கொத்திச் சொரசொரப்பாக்கி, அதே வாய்க்கால் தண்ணீரில் குழைத்த சாந்தை ஓரம் விடாமல் பூசினார்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பலகை மொத்தமும் ஒரே வெள்ளையாக இருந்தது; சிலுவை தனியாகத் தெரியவில்லை.